மலைக்கு எந்தப் பக்கம்

கேரளத்தின் 14 மாவட்டங்களில் ஐந்துக்குக் கடல் கிடையாது. அந்த ஐந்தில் பாலக்காடும் உண்டு, இடுக்கியும் உண்டு. நான் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்தவன். கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது. அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை என்று அம்மா சொல்வார். எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் இன்றும் கடல்தான்.

இந்த ஆண்டு மகள் தீவு கேட்டாள். ஓணத்துக்குப் பள்ளி அடைக்கும் பத்து நாளுக்குள் போய்வர வேண்டும். வெள்ளை மணலும், நின்றால் கால்விரல் தெரியும் தண்ணீரும் இருக்க வேண்டும். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலும் விமானமும் உண்டு. பாஷையும் ஏறக்குறைய மலையாளம்தான். இதைவிடப் பக்கத்தில் வேறெந்தத் தீவு இருக்கிறது? சரி என்று சொல்லியும்விட்டேன்.

அந்த வாக்கை மாற்றச் செய்தது ஆடி மாதத்தில் வந்த ஒரு சிறு பயணம். மறையூரில் அத்தை வீடு. மாமாவுக்குப் போடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டும், பஸ்ஸில் போக முதுகு ஒத்துழைக்கவில்லை. கார் எடுத்துக்கொண்டு நான் போய் அவரை அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு, போடிமெட்டு, போடி. தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கேரளத்துக்குள் ஏறி, மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் இறங்குகிற வழி அது.

கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டும்போதே காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த வாசலில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். இடவப்பாதி தொடங்கிவிட்டால் அரபிக்கடலின் ஈரக்காற்று இந்த வாசல் வழியாகக் கொங்குச் சீமைக்குள் ஓடும். கார்த்திகையில் திசை மாறி, கிழக்கேயிருந்து வறண்ட காற்று வரும். அதை விருச்சிகக் காற்று என்போம். உதடு வெடிக்கும், வாசலில் காயப்போட்ட துணி அடுத்த தெருவில் கிடக்கும். இரண்டு காற்றையும் உடம்பில் வாங்கித்தான் வளர்ந்தேன். ஆனால் ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுப்பதற்கும் இந்தக் காற்றுகளுக்கும் தொடர்பு உண்டென்று ஒருநாளும் யோசித்ததில்லை.

உடுமலையை நெருங்கும்போது இரண்டு பக்கமும் காற்றாலைக் காத்தாடிகள். ஆடியில் அவற்றுக்கு ஓய்வு கிடையாது. வானத்தில் மேகம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு துளி கீழே விழவில்லை. சுமந்து வந்த தண்ணீரையெல்லாம் மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, வெறும் கையோடு வந்த மேகங்கள் அவை.

அமராவதியைக் கடந்து சின்னாறு சரணாலயத்துக்குள் நுழைந்தால் கேரளம் என்று நம்புவது கடினம். முள்ளும் கள்ளியும், காய்ந்த புல்லும். நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் வாழும் காடு இது. 1984இல் சரணாலயமாக அறிவித்தார்கள். இங்கே ஓடும் பாம்பாறும் மேற்கே போகாமல் கிழக்கே திரும்பி அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே பாய்வது மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. இது மழை மறைவுப் பிரதேசம். இதே ஆடியில், இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் மூணாறில் பள்ளிக்கு விடுமுறை விடும் அளவுக்கு மழை பெய்துகொண்டிருந்தது.

மறையூரில் கரும்பு ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் நுழையும்போதே கொதிக்கும் பாகின் வாசனை. மறையூர்ச் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் உருட்டிய கருஞ்சிவப்பு உருண்டை. அத்தை இரண்டு கிலோ கட்டிவைத்திருந்தார். மாமா சட்டை போட்டுத் தயாராகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

மாமா பிறந்தது பதுளையில், இலங்கையின் ஊவா மலைத் தோட்டம் ஒன்றில். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். 1974இல் வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. அதன்பின் இங்கே தேயிலைத் தோட்டத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் கிளம்பியதும், ஓணத்துக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

“ஆவணியில லட்சத்தீவா?” என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அங்க மலை இருக்கா மாப்ள?”

தீவுக்குப் போகிறவனிடம் மலையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இல்லை, பவழத்தின் மேல் கிடக்கிற மட்டமான மணல் திட்டுகள், தென்னை மரம்தான் அங்கே உயரம் என்றேன்.

“அப்ப ஒதுங்க எடமில்ல. காத்து நிக்கிற வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும்.”

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்கும் வாகுவரைத் தோட்டத்தில் பனிமூட்டம் எங்களை மூடுவதற்கும் சரியாக இருந்தது. அரைமணி நேரத்துக்கு முன் ஜன்னலில் வெயில். இப்போது வைப்பர் போட்டும் சாலை தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் உலகம் மாறியது என்று சொல்வதில் மிகையே இல்லை. இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாசல் இருக்கும் ராஜமலையில் மழை சரம் சரமாக இறங்கியது.

அந்த வாசலுக்கு உள்ளே போகும் பாதையில்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, இப்படியொரு மழையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயக் குடியிருப்புகளை மூடியது. 70 பேர் போனார்கள். பலரின் பூர்வீகம் கயத்தாறு பக்கம். மாமா காரை நிறுத்தச் சொன்னார். மழைக்குள் அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறினார். மழை பார்க்கவே மூணாறுக்கு வருகிறவர்கள் உண்டு. வரட்டும், இந்தப் பச்சையைப் பார்க்க இதைவிட நல்ல மாதம் இல்லை. ஆனால் வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் மலையேறுகிறவர்கள், அந்த மலைச்சரிவிலேயே தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1924 ஜூலையில், மலையாள ஆண்டு 1099இல் வந்த வெள்ளம் மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையே அடித்துக்கொண்டு போனது. தண்டவாளம் மறுபடி போடப்படவே இல்லை.

அந்த ரயில் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேரும். கடல் இல்லாத ஊரின் தேயிலை கடலைத் தேடிக் கிழக்கே இறங்கியது. அன்றைக்கு மூணாறிலிருந்து நாங்கள் போன சாலைக்கும் அப்படியொரு கதை உண்டு. எண் மாறிவிட்டாலும் இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் கொச்சி–தனுஷ்கோடி ரோடு என்றே சொல்கிறார்கள். ஒரு முனை அரபிக்கடல், மறுமுனை மன்னார் வளைகுடா, நடுவில் இந்த மலை.

தேவிகுளம், கேப் ரோடு, பூப்பாறை. கேப் ரோட்டில் மண் சரிந்து ஒரு பக்கம் மட்டுமே வண்டி விட்டார்கள். அதில் முக்கால் மணி நேரம் போயிற்று. பூப்பாறையில் ஏலக்காய் ஸ்டோர்களின் புகைவாசனை. போடிமெட்டு வந்து சேர்ந்தபோது சாயங்காலம்.

போடிமெட்டில் ஒரு டீக்கடையின் பின்பக்கம் நின்று கட்டன் சாயா குடித்தோம். எனக்கு அங்கே காணக் கிடைத்ததை முடிந்தவரை அப்படியே சொல்லப் பார்க்கிறேன். முதுகுப்பக்கம், மேற்கே, மேகம் ஈரக் கம்பளி மாதிரி மலையில் சாய்ந்து கிடந்தது. அது மலைமுகட்டில் ஏறி, எங்கள் தலைக்கு மேலாக வந்து, கிழக்கு விளிம்பைத் தாண்டியதும் இழை இழையாகப் பிரிந்து காணாமல் போனது. ஒவ்வொரு மேகமும் அதே இடத்தில் கரைந்தது. கீழே, 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால், போடி ஊரும் தென்னந்தோப்புகளும் வெயிலில் கிடந்தன. என் சட்டையின் முதுகு நனைந்திருந்தது, நெஞ்சுப்பக்கம் உலர்ந்திருந்தது.

காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த நீரைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கீழே இறங்கும்போது சூடேறுகிறது, மிச்சமிருக்கும் மேகமும் கரைகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

“எங்க பதுளையும் இதேதான்” என்றார் மாமா. “ஆடி ஆவணியில அட்டன் பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும். மலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கச்சான் காத்து. காஞ்ச காத்து. அந்தக் காத்துல கொழுந்து கொஞ்சமாத்தான் வரும், ஆனா டீக்கு அப்படியொரு மணம். தொரைமாரு அந்த மூணு மாசத்துக்குத்தான் காத்துக் கெடப்பாங்க. எங்களுக்கு மழை மார்கழியில. அப்ப அட்டன்ல வெயில்.”

அவர் சொன்னது தேயிலை வணிகம் நெடுங்காலமாக அறிந்த கணக்கு. ஊவாவின் சிறந்த தேயிலை ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வரும். மலையின் மேற்குச் சரிவான திம்புள்ளவின் சிறந்த தேயிலை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. இரண்டும் அந்தந்தச் சரிவின் வறண்ட மாதங்கள். அதே கணக்கை மலையிலிருந்து இறக்கிக் கடற்கரை வரை கொண்டுபோனால் போதும், என் மகளின் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

இலங்கையின் நடுவே 2,524 மீட்டர் உயரத்துக்குப் பிதுருதலாகல நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மழையை நீர்கொழும்பிலும் காலியிலும் கொட்டும். மிரிசையிலும் உணவட்டுனவிலும் அலை கொந்தளிக்கும். அதே நேரத்தில் மலைக்கு மறுபக்கம் திருக்கோணமலை, நிலாவெளி, பாசிக்குடா எல்லாம் வெயிலில், குளம் மாதிரிக் கடலோடு இருக்கும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் பவழத்தைப் பார்க்க மூச்சுக்குழல் மாட்டிக்கொண்டு இறங்குவது அந்த மாதங்களில்தான். அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்கு உலகம் கூடுவதும் அப்போதுதான். மார்கழியில் எல்லாம் தலைகீழ். கிழக்கில் மழை, தெற்கிலும் மேற்கிலும் தெளிந்த வானம், மிரிசையில் நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகு. இலங்கைக்கு எது நல்ல சீசன் என்று கேட்பதே தவறு. எந்தப் பக்கம் என்றுதான் கேட்க வேண்டும்.

மலை உள்ள மற்றத் தீவுகளும் இப்படித்தான், காற்றின் பெயர் மட்டும் மாறும். பிஜியில் தமிழர்கள் கட்டிய பெரிய சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கும் நாடி, தீவின் வறண்ட மேற்குப் பக்கம். தலைநகர் சுவா மழைப்பக்கம். ரீயூனியனில் கிழக்குச் சரிவில் மழை ஓயாது, கடற்கரை விடுதிகள் எல்லாம் மேற்கில். மலேசியாவில் தீவின் மலைக்குப் பதிலாகத் தீபகற்பத்தின் முதுகெலும்பு மலை அந்த வேலையைச் செய்கிறது. நவம்பரிலிருந்து கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் விடுதிகள் மூடிக்கொள்ளும். டிசம்பரிலிருந்து மேற்கே லங்காவியில் வெயில். பினாங்கில் சொந்தம் இருக்கிறவர்கள் டிசம்பரில் போனால் லங்காவி, ஆகஸ்டில் போனால் கிழக்குக் கரை.

மலை இல்லாத தீவுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. மாலத்தீவுக்காரர்கள் காற்றை வைத்தே ஆண்டை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள்: வறண்ட வடகிழக்குக் காலம் இருவை, மழைபெய்யும் தென்மேற்குக் காலம் ஹுலங்கு. லட்சத்தீவும் அப்படியே. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை உரு எனப்படும் சரக்கு மரக்கலங்கள் ஓடுவதில்லை. தீவைச் சுற்றியிருக்கும் பவழத்திட்டு உள்கடலை அமைதியாக வைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய கப்பல் திட்டுக்கு வெளியே நிற்கும். பல தீவுகளில் அதிலிருந்து சிறு படகுக்கு மாறித்தான் கரை சேர வேண்டும். ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்குக் குழந்தையைத் தூக்கிக் கொடுக்கும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். மார்கழி பிறந்த பிறகு அதே இடம் வேறு இடம். 2017 நவம்பர் கடைசியில் குமரியைத் தாக்கிய ஒக்கிப் புயல் அடுத்து லட்சத்தீவுக்குத்தான் போனது. அதனால் நவம்பரையும் நான் விட்டுவிடுவேன். அந்தமானில் குன்றுகள் உண்டு, ஆனால் இரண்டு மழையும் அங்கே எட்டிவிடுகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் அதற்குச் சரியான காலம்.

மழையைத் தடுக்கத்தான் மலை வேண்டும். அலைக்கு மணல்திட்டே போதும். இதை நான் மூன்று வருடம் முன்பு ஆனி மாதத்தில் தனுஷ்கோடியில் பார்த்தேன். இந்தச் சாலையின் மறுமுனை அது, பாம்பன் தீவின் வால். அங்கே ஒரு பக்கத்தை ஆண் கடல் என்றும் மறுபக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தெற்கே மன்னார் வளைகுடா சீறிக்கொண்டிருந்தது, சாலையைக் குறுக்கே கடந்து வடக்கே போனால் பாக் விரிகுடா சலனமில்லாமல் கிடந்தது. கரைவலைக்காரர் ஒருவர் வலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். “இப்ப வடக்கப் பாத்துத்தாண்ணே எங்க பொழப்பு. வாடை தொடங்கிட்டா வலையத் தூக்கிட்டுத் தெக்க போயிருவோம்” என்றார். சில நூறு அடி மணலைத் தாண்டி வலையை மாற்றிக்கொள்ளும் இந்த மனிதர்கள் எந்தச் சுற்றுலாக் கையேட்டையும்விடத் தெளிவாகக் கடலைப் படித்தவர்கள். ஆனாலும் அவர்களும் 1964 டிசம்பரை மறக்கவில்லை. தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது வாடைக் காலத்தில். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வங்கக் கடலோரம் எந்தப் பக்கமும் பாதுகாப்பான பக்கம் அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14ஆம் தேதி கப்பல் விட்டார்கள். வடகிழக்குப் பருவம் வாசலில் நின்ற நேரம். சில நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. மறுபடி ஓடியது 2024 ஆகஸ்டில்.

சித்திரை விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது இரண்டு காற்றும் ஓய்ந்திருக்கும், கடல் இரண்டு பக்கமும் அமைதியாகத் தெரியும். ஆனால் கேரளக் கரையில் கள்ளக்கடல் என்றொன்று உண்டு. உள்ளூரில் காற்றே இருக்காது. எங்கோ தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் எழுந்த புயலின் அலை, கள்ளனைப் போலச் சத்தமில்லாமல் வந்து கரையேறும். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. கடலில் கால்வைக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. நீச்சல் தெரியும் என்பது போதாது.

போடிமெட்டிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். ஓணத்துக்கு நிலாவெளி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு லட்சத்தீவு, அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க இப்போதே விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னேன்.

“நிலாவெளியில மழை பெய்யாதாப்பா? இங்க மூணு நாளா தூறுதே.”

“கொழும்புல எறங்கும்போது பெய்யலாம். அப்புறம் கிழக்க பஸ்ல போவோம் பாரு, பாதி வழியில நின்னுடும். மறையூர் ரோடு மாதிரியேதான்.”

அதை அப்படித்தான் சொல்ல முடிந்தது. அவளுக்கும் அது சட்டென்று புரிந்தது, மறையூருக்கு அவள் பலமுறை வந்தவள்.

வளைவுகளில் இறங்கும்போது மாமா கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பத்தாவது வளைவோ பதினொன்றோ, பேசினார்.

“நாங்க வந்தது பங்குனியில. பதுளையில ரயிலேறி, தலைமன்னார்ல எறங்கி, ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம். அன்னிக்கு கடல்ல ஒரு அலை இல்ல மாப்ள. கப்பல் நகருதான்னே தெரியல. எங்கம்மா மட்டும் பின்னாடி கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டே வந்தா.”

கீழே போடியின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கண்ணாடியை இறக்கினேன். உலர்ந்த, சூடான காற்று உள்ளே வந்தது.

“தலைமன்னார்ல கப்பல் நின்ன அந்தப் பாலம் இன்னும் இருக்காம்” என்றார். “நிலாவெளியிலேர்ந்து எத்தன மணி நேரம்னு பாரு. முடிஞ்சா ஒரு போட்டோ எடுத்துட்டு வா.”